வட்டிக்குப் போன வானலைகள்

அமெரிக்க வானொலியின் சரிவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே கதைதான் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் சிறு முதலாளிகளின் கையில் சிதறிக் கிடந்த நிலையங்கள் நஷ்டத்தில் தள்ளாடின. 1996இல் ஒருவர் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அரசு எடுத்துவிட்டது. கிளியர் சானல் போன்ற பெரிய நிறுவனங்கள் அந்த நிலையங்களை வாங்கிச் சேர்த்து, செலவைக் குறைத்து, தொழிலைத் தூக்கி நிறுத்தின. பிறகு ஐபாட் வந்தது, இணையத்தில் பாட்டுத் தரும் பண்டோரா வந்தது, ஸ்பாட்டிஃபை வந்தது; காலத்தின் போக்கை யாரால் தடுக்க முடியும்? பங்குச்சந்தைப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒலிபரப்பாளர்களின் தேசிய சங்கம் வாஷிங்டனில் கொடுக்கும் மனுக்களும் இதைத்தான் சொல்கின்றன. வானொலியை நேசிக்கிறவர்கள்கூட ஒரு பெருமூச்சோடு இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

என்னால் ஏற்க முடியவில்லை. நிலையங்களை வாங்குவதற்காக வாங்கிய கடன்தான் அமெரிக்க வணிக வானொலியைச் சாய்த்தது என்பது என் வாதம். அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவதற்காக அறிவிப்பாளர்களும் செய்தியாளர்களும் ஊர்ச் செய்தியும் ஒவ்வொன்றாக வெளியேற்றப்பட்டன. இணையம் வாசலுக்கு வந்தபோது வீட்டில் விற்பதற்கு அதிகம் மிச்சமில்லை. இதற்கு ரகசிய ஆவணம் எதுவும் தேவையில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஆண்டுகளையும் தொகைகளையும் வரிசையாக எடுத்து வைத்தாலே போதும்.

1972இல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோ நகரில் லவுரி மேஸ் என்ற முதலீட்டு வங்கியாளரும் ரெட் மெக்கோம்ஸ் என்ற கார் வியாபாரியும் சேர்ந்து ஓர் எஃப்.எம். நிலையத்தை 1,25,000 டாலருக்கு வாங்கினார்கள். 1975இல் அதே ஊரின் டபிள்யூ.ஓ.ஏ.ஐ. நிலையம் அவர்கள் கைக்கு வந்தது. 1922இல் தொடங்கிய பழைய ஏ.எம். நிலையம், 50,000 வாட் சக்தி. இரவில் ஏ.எம். அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். அப்போது ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, சில அலைவரிசைகளில் இரவு நேரத்தில் ஒரு பெரிய நிலையத்துக்கு மட்டும் வழிவிட்டு மற்றவற்றை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. அப்படி வழிவிடப்பட்ட அலைவரிசைக்குக் கிளியர் சானல் என்று பெயர். நிறுவனம் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. ஊர் உறங்கும் நேரத்தில் பல மாநிலங்களுக்குக் கேட்கும் குரல் என்ற பெருமை அந்தப் பெயரில் இருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த நிறுவனம் தவறாக நடந்துகொண்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1984இல் பங்குச்சந்தைக்கு வந்தது, நிதானமாக வளர்ந்தது. நிதானத்துக்கு முதலாளியின் குணத்தைவிடச் சட்டமே பெரிய காரணம். 1950களிலிருந்து ஒரு நிறுவனம் நாடு முழுவதும் ஏழு ஏ.எம்., ஏழு எஃப்.எம். நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 1980களின் நடுவில் அது பன்னிரண்டு, பன்னிரண்டானது. 1992இல் பதினெட்டு, பதினெட்டு. ஒரே ஊரில் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. இந்த வேலிக்குள் இருந்த முதலாளி வருமானத்தைக் கூட்ட வேண்டுமானால் கையில் இருக்கும் நிலையத்தை மேலும் நன்றாக நடத்தியாக வேண்டும். வேறு வழி இருக்கவில்லை. நல்ல காலை நிகழ்ச்சி, நல்ல செய்தியாளர், ஊர்க் கடைக்காரரிடம் நேரில் போய் விளம்பரம் வாங்கி வருகிற ஆள் என்று பணம் நிலையத்துக்குள் போயிற்று.

1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் பில் கிளின்டன் தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு தழுவிய உச்சவரம்பு முற்றாக நீங்கியது. பெரிய ஊர்களில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. அப்போது கிளியர் சானலிடம் இருந்த வானொலி நிலையங்கள் நாற்பது சொச்சம். 1999இல் ஏறத்தாழ 440 கோடி டாலர் மதிப்பில் ஜேகார் நிறுவனம் அதனுள் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஏ.எம்.எஃப்.எம். நிறுவனத்தை வாங்குவதாகக் கிளியர் சானல் அறிவித்தது. கடனையும் சேர்த்தால் அந்தப் பேரத்தின் மதிப்பு 2,350 கோடி டாலர். அந்த ஏ.எம்.எஃப்.எம்.மும் எவர்கிரீன், சான்சலர், கேப்ஸ்டார் என்று முன்பே பலவற்றை விழுங்கிப் பெருத்த ஒன்று. இந்த இணைப்புக்கு அனுமதி தர, 99 நிலையங்களை விற்றாக வேண்டும் என்று நீதித்துறை நிபந்தனை போட்டது. அத்தனையை விற்ற பிறகும் கிளியர் சானலின் கையில் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. இடையில் விளம்பரப் பலகை நிறுவனங்கள், கச்சேரி நடத்தும் எஸ்.எஃப்.எக்ஸ். நிறுவனம் எல்லாம் அதே வேகத்தில் வந்து சேர்ந்தன. நாலே ஆண்டில் முப்பது மடங்கு.

நலிந்த நிலையங்களைக் காப்பாற்றினார்கள் என்ற முதல் வாதத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். 1991இல் பாதிக்கும் மேற்பட்ட நிலையங்கள் நஷ்டத்தில் இருந்தன என்று எஃப்.சி.சி. என்ற ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமே சொன்னது உண்மை. ஏன் நஷ்டம் என்று மட்டும் இந்த வாதக்காரர்கள் கேட்பதில்லை. 1980களில் ஆணையம் நூற்றுக்கணக்கான புதிய எஃப்.எம். உரிமங்களை அள்ளிக் கொடுத்திருந்தது. வாங்கிய நிலையத்தை மூன்று ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்ற விதியை 1982இல் எடுத்துவிட்டது. அந்த விதி போனதும் நிலையங்கள் வாங்கி விற்கும் சரக்காயின. கடன் வாங்கி வாங்கு, விலை ஏறியதும் விற்று வெளியேறு என்பதே பலருக்குத் தொழிலாயிற்று. 1990இல் பொருளாதார மந்தம் வந்தபோது வட்டி கட்ட முடியாமல் விழுந்தவர்கள் பலர். அதாவது காப்பாற்ற வேண்டியிருந்த அந்த நோயே கடனில் வாங்கியதால் வந்தது. அதற்கு மருந்தாக மேலும் பெரிய கடனில் மேலும் அதிகமாக வாங்க அனுமதி கொடுத்தார்கள்!

காப்பாற்றப்பட்டவை எந்த நிலையங்கள் என்றும் பார்க்க வேண்டும். ஜேகாரோடு வந்தவற்றில் சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ., லாஸ் ஏஞ்சலஸின் கே.ஐ.ஐ.எஸ். எஃப்.எம். இருந்தன, ரஷ் லிம்பாவின் பேச்சு நிகழ்ச்சியை நாடெங்கும் விற்ற பிரீமியர் நிறுவனமும் வந்தது. ஏ.எம்.எஃப்.எம்.மோடு வந்தவை நியூயார்க்கின் இசட்100, லாஸ் ஏஞ்சலஸின் கே.எஃப்.ஐ. போன்றவை. நாட்டின் பெரிய நகரங்களில் பணம் கொழித்த நிலையங்கள் இவை. ஏதோ ஓரத்து ஊரில் விளக்கணையப் போன நிலையத்துக்கு எண்ணெய் வார்க்க 2,350 கோடி டாலர் தேவைப்படாது. 2006இல் நிறுவனம் தன்னை விற்கத் தயாரானபோது முதலில் கழித்துக்கட்ட முனைந்தது எதை? பெரிய நூறு ஊர்ப் பட்டியலுக்கு வெளியே இருந்த சிற்றூர் நிலையங்களை. நானூறுக்கும் மேற்பட்டவற்றை விற்பனைக்கு வைத்தது. காப்பாற்ற வந்தவர் முதலில் இறக்கிவிட்டது நலிந்தவர்களைத்தான்.

இரண்டாவது வாதம் சற்றுக் கனமானது. அதற்கு உரிய மரியாதை தரவேண்டும். ஒரே ஊரில் நாலு நிலையம் வைத்திருப்பவர் நாலிலும் ஒரே பாட்டைப் போட்டுத் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ள மாட்டார். ஒன்றில் நாட்டுப்புற இசை, ஒன்றில் ராக், ஒன்றில் பேச்சு என்று பிரித்து வைப்பார். ஆகவே கேட்பவருக்குத் தேர்வு கூடும் என்பது அந்த வாதம். ஸ்டீவன் பெரி, ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற இரு பொருளியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வும் இந்தத் திசையில்தான் பேசியது. இணைப்புகளுக்குப் பிறகு நிலையங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நிகழ்ச்சி வகைகள் கூடியிருப்பதாக அவர்கள் கண்டார்கள். நேர்மையான ஆய்வு. ஆனால் அது எண்ணியது வகைப் பெயர்களை. பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டு நாலு விதமாக இருக்கலாம். உள்ளே பேசுகிற குரல் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறது, யாருடைய சங்கதியைப் பேசுகிறது, பாட்டுப் பட்டியலை யார் முடிவு செய்தார் என்பவை அந்தக் கணக்கில் வருவதில்லை. எஃப்.சி.சி.யின் சொந்த மதிப்பீடே 1996க்கும் 2002க்கும் இடையில் வணிக நிலையங்கள் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியதாகவும், உரிமையாளர்களின் எண்ணிக்கை 34 சதவீதம் குறைந்ததாகவும் சொல்கிறது.

குரல் எங்கே இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நெப்ராஸ்காவின் ஒகலாலா என்ற சிற்றூரில் உருவான ப்ராஃபெட் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் கிளியர் சானலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கருவியைக் கொண்டு ஓர் ஊரில் இருக்கும் அறிவிப்பாளர் இன்னோர் ஊரின் நிகழ்ச்சியைப் பதிவு செய்து அனுப்பிவிடலாம். வாய்ஸ் டிராக்கிங் என்று பெயர். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு துணுக்கு, அடுத்த பாட்டு தொடங்குகிற இடத்தில் ஒரு துணுக்கு. இடையிலுள்ள பாட்டைக் கேட்க வேண்டியதே இல்லை. ஐந்து மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எதிரே ஒரு தாளில் அந்த ஊரின் தெருப் பெயர், கல்லூரி ஆட்டத்தின் முடிவு, வார இறுதித் திருவிழா எல்லாம் இருக்கும். கண்ணால் பார்த்திராத ஊரின் கடைவீதியைப் பற்றி, நேற்று மாலை அங்கே நடந்து வந்தவர் மாதிரி அவர் பேசுவார். அந்தப் பக்கம் கேட்கிறவர் நம் ஊர்ப் பிள்ளை பேசுகிறான் என்று நம்பிக்கொண்டிருப்பார். பல ஊர் நிலையங்களில் ஒரே நேரத்தில் நடந்த பரிசுப் போட்டியை உள்ளூர்ப் போட்டி என்று நேயர்கள் நினைக்கும்படி ஒலிபரப்பியதாக ஃபுளோரிடா அரசின் தலைமை வழக்கறிஞர் எழுப்பிய புகாரில், 2000இல் கிளியர் சானல் 80,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டது. தொகை சிறியதுதான். நாடு முழுக்கக் கேட்கிறவர்களோடு போட்டியிடுகிறோம் என்று தெரியாமல் தொலைபேசியைச் சுழற்றியவருக்குச் செய்தது சிறிய காரியம் இல்லை.

2002 ஜனவரி 18, அதிகாலை 1:37. வட டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகருக்கு வெளியே கனடியன் பசிபிக் சரக்கு ரயில் தடம் புரண்டது. 112 பெட்டிகளில் 31 கவிழ்ந்தன. நீரற்ற அமோனியா ஏற்றிய ஐந்து டாங்கிகள் வெடித்துத் திறந்தன. கடும் குளிரில் நச்சு மேகம் தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. அதன் வழியில் ஏறத்தாழ 11,600 பேர் வசித்தார்கள். ஒருவர் இறந்தார், முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளேயே இருங்கள், ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வானொலியைவிட நல்ல கருவி அந்த நேரத்தில் இல்லை. மைனாட்டில் ஆறு நிலையங்கள் கிளியர் சானலிடம் இருந்தன. அவசர அறிவிப்புக்கு என்று குறிக்கப்பட்ட நிலையத்தைக் காவல்துறை தொலைபேசியில் அழைத்தது, பதில் கிடைக்கவில்லை.

நிறுவனத்தின் தரப்பு இதற்கு ஒரு பதில் சொல்கிறது. அதை மறைப்பது முறையாகாது. கட்டடத்தில் ஆள் இருந்தார், பதறிப்போன மக்களின் அழைப்புகளால் இணைப்புகள் நிரம்பி வழிந்தன, ஒலிபரப்பைத் தானே இடைமறிக்கும் அவசரக் கருவியைக் காவல்துறை சரியாகப் பொருத்தி வைத்திருக்கவில்லை என்கிறார்கள். காவல்துறையின் பக்கம் பிழை இருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். இந்தப் பதிலை அப்படியே முழுதாக எடுத்துக்கொண்டாலும் என்ன கிடைக்கிறது? ஆறு நிலையங்கள், நள்ளிரவில் கையாள ஆள் பற்றவில்லை. ஆறு வேறு வேறு முதலாளிகள் இருந்திருந்தால் ஆறு தொலைபேசிகள் இருந்திருக்கும். ஒருவராவது ஜன்னலைத் திறந்து அந்த நெடியை உணர்ந்திருப்பார்.

2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது என்டர்காம் என்ற இன்னொரு வானொலி நிறுவனமும் கிளியர் சானலும் கைகோத்து இரவும் பகலும் கூட்டாக ஒலிபரப்பியதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். பெரிய நிறுவனத்தின் பலம் அப்போது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டு ஒலிபரப்பின் முதுகெலும்பு டபிள்யூ.டபிள்யூ.எல். என்ற நிலையம், அங்கே உயிரோடு இருந்த ஒரு செய்திப் பிரிவு இருந்தது, ஊரைத் தெரிந்த குரல்கள் இருந்தன. 2011 மே மாதம் மிசூரியின் ஜாப்லின் நகரைச் சூறாவளி தரைமட்டமாக்கியபோது, ஸிம்மர் என்ற வட்டாரக் குடும்ப நிறுவனம் தன் நிலையங்களை எல்லாம் ஒன்றாக இணைத்து, பாட்டையும் விளம்பரத்தையும் நிறுத்திவிட்டு நாள்கணக்கில் ஊரோடு பேசிக்கொண்டே இருந்தது. காணாமற்போனவர்களைத் தேடியவர்களும் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களும் நேரே ஒலிவாங்கிக்கு வந்தார்கள். ஸிம்மரிடமும் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள்தான் இருந்தன. ஒருவர் பல நிலையங்களை வைத்திருப்பதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. ஆள் இருந்தார்களா என்பதே கேள்வி. வாங்கிய விலை ஆளை வைத்துக்கொள்ள விட்டதா என்பது அதை ஒட்டிய கேள்வி.

விலைதான் இந்த விவகாரத்தின் மையம். ஒரு நிலையம் ஆண்டுக்குக் கையில் தருகிற பணத்தைப் போல எத்தனை மடங்குக்கு அதை வாங்குகிறார்கள் என்பது இந்தத் தொழிலின் அளவுகோல். 1996க்கு முன்பு எட்டு, பத்து மடங்கு என்று பேசிய இடத்தில் தொண்ணூறுகளின் கடைசியில் பதினெட்டு, இருபது மடங்கு என்று பேசத் தொடங்கினார்கள். அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதே நிலையத்தை அதே ஆட்களோடு நடத்தினால் போட்ட பணம் வராது. ஒன்று விளம்பரத்தைத் திணிக்க வேண்டும், அல்லது ஆளைக் குறைக்க வேண்டும். இரண்டையும் செய்தார்கள். விளம்பரம் எவ்வளவு பெருகியது என்றால், 2004இல் கிளியர் சானலே விளம்பர நேரத்தைக் குறைக்கிறோம் என்று ஒரு பெரிய திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. கேட்பவர்கள் ஏன் விலகினார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான ஒப்புதல் வாக்குமூலம் வேறு எங்கே தேடுவது? அதற்கு முந்தைய ஆண்டு ஃபார்ச்சூன் இதழிடம் பேசிய லவுரி மேஸ், தாங்கள் செய்தி தரும் தொழிலிலோ இசை தரும் தொழிலிலோ இல்லை, விளம்பரதாரரின் பொருளை விற்றுக் கொடுப்பதுதான் தங்கள் தொழில் என்று மனம் திறந்து சொல்லியிருந்தார். பொது வானலையின் உரிமத்தைப் பொதுநலனுக்காக என்று கையெழுத்திட்டு வாங்கிய ஒருவரின் வாய்ச்சொல் அது.

இணையம் கொன்றது என்ற வாதத்துக்கு இப்போது வரலாம். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளியர் சானலின் பங்கு விலை 90 டாலரை ஒட்டி இருந்தது. 2002இல் கணக்கு விதிகள் மாறியபோது, வாங்கிய நிறுவனங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த விலையில் 1,600 கோடி டாலருக்கு மேல் கணக்கிலிருந்து அடித்துக் கழிக்க நேர்ந்தது. அந்த ஆண்டில் ஐபாடுக்கு ஒரு வயது நிரம்புகிற நேரம். பண்டோரா சேவை பிறக்க மூன்று ஆண்டு இருந்தது. ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்கு வந்தது 2011இல். போட்டியாளர் பிறப்பதற்கு முன்பே, கொடுத்த விலை பொய் விலை என்று நிறுவனத்தின் சொந்தக் கணக்குப் புத்தகமே ஒப்புக்கொண்டுவிட்டது.

அதோடு நின்றிருந்தாலும் நிறுவனம் பிழைத்திருக்கும். 2006 நவம்பரில் பெயின் கேப்பிடல், தாமஸ் எச். லீ என்ற இரு தனியார் முதலீட்டு நிறுவனங்கள், இருந்த கடனையும் சேர்த்து 2,670 கோடி டாலருக்கு கிளியர் சானலை வாங்க முன்வந்தன. வங்கிகள் நடுவில் பின்வாங்கி, வழக்கு நடந்து, விலை பங்குக்கு 36 டாலராக இறங்கி, 2008 ஜூலை இறுதியில் பேரம் முடிந்தது. லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி கவிழ ஒன்றரை மாதம் இருக்கையில். இந்த வகை விற்பனையில் வாங்குகிறவர் தன் கைப்பணத்தைக் கொஞ்சம் போடுவார். மீதியைக் கடனாக வாங்கி, அந்தக் கடனை வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றிவிடுவார். ஒருவர் ஒரு வீட்டை வாங்க எடுத்த கடனுக்கு அந்த வீட்டில் குடியிருப்பவர்களே மாதாமாதம் தவணை கட்டுகிற ஏற்பாடு அது. 700 கோடி டாலரை ஒட்டி இருந்த கடன் 2008 முடிவில் 1,900 கோடியைத் தாண்டியது. அந்தப் பணத்தில் ஒரு புதிய அலைபரப்பிக் கோபுரம் எழவில்லை, ஒரு புதிய செய்தியாளர் சேரவில்லை. பழைய பங்குதாரர்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

2009 ஜனவரி 20. பராக் ஒபாமா பதவியேற்ற நாள். நாடே தொலைக்காட்சியின் முன் இருந்த அன்றைக்கு கிளியர் சானல் 1,850 பேரை, தன் ஊழியர்களில் ஏறத்தாழ 9 சதவீதம் பேரை, வீட்டுக்கு அனுப்பியது. அந்த வசந்தத்தில் மேலும் சில நூறு பேர். பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஒரே ஊரின் காலைக் குரலாக இருந்தவர்கள் நேயர்களிடம் விடைபெறக்கூட வாய்ப்பில்லாமல் மறைந்தார்கள். 2014இல் நிறுவனம் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. திவாலுக்கு முந்தைய ஆண்டுகளில் அது வட்டியாக மட்டும் ஆண்டுக்கு 180 கோடி டாலருக்கு மேல் கட்டியது. வானொலிப் பிரிவு அந்த ஆண்டுகளிலும் செயல்பாட்டில் லாபம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நிலையங்கள் சம்பாதித்தன, வட்டி தின்றது. 2018 மார்ச்சில் 2,000 கோடி டாலர் கடனோடு நீதிமன்றப் படியேறியது. 2019 மே மாதம் வெளியே வந்தபோது அதில் 1,610 கோடி டாலர் கடன் 575 கோடியாகக் குறைந்திருந்தது. சில மாதங்களுக்குள், 2020 ஜனவரியில், அடுத்த பெரிய ஆட்குறைப்பு.

இணையம் எதையும் பறிக்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. கூகுளும் ஃபேஸ்புக்கும் உள்ளூர் விளம்பரப் பணத்தை அள்ளிப்போனது நிஜம். இளையவர்கள் பாட்டுக் கேட்க வேறு இடம் போனதும் நிஜம். ஆனாலும் 2010களின் கடைசி வரை அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது வானொலி கேட்டார்கள் என்று நேயர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குகள் காட்டிக்கொண்டே இருந்தன. விழுந்தவர்களின் பட்டியலையும் பாருங்கள். ஏ.பி.சி. வானொலியை 2007இல் வாங்கிய சிட்டடெல் 2009இல் திவால். அந்தச் சிட்டடெல்லை 2011இல் 240 கோடி டாலருக்கு வாங்கிய க்யூமுலஸ் 2017இல் திவால். அதே 2017இல் சி.பி.எஸ். வானொலியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட என்டர்காம், ஆடசி என்று பெயர் மாறி, ஏறத்தாழ 190 கோடி டாலர் கடனோடு 2024 ஜனவரியில் திவால். ஒவ்வொன்றின் முன்பும் ஒரு பெரிய கொள்முதல் நிற்கிறது.

அதே இணையம், அதே கார், அதே கைபேசி சூழ்ந்த அதே சந்தையில் சாகா என்ற நிறுவனமும் இருந்தது. எட்வர்ட் கிறிஸ்டியன் 1986இல் தொடங்கியது. அதுவும் நிலையங்களை வாங்கித்தான் வளர்ந்தது. பெரும்பாலும் நடுத்தர ஊர்களில், கடனைக் கைக்குள் வைத்துக்கொண்டு. அதன் வருமானத்தையும் காலம் தொட்டது. ஆனால் நீதிமன்ற வாசலுக்கு அது போகவில்லை. மின்னசோட்டாவின் ஹப்பர்ட் குடும்ப நிறுவனம் 2011இல் டபிள்யூ.டி.ஓ.பி. உள்ளிட்ட பதினேழு நிலையங்களை 50 கோடி டாலரை ஒட்டி வாங்கியது. வாஷிங்டனில் நாள் முழுக்கச் செய்தி மட்டுமே சொல்கிற டபிள்யூ.டி.ஓ.பி.க்குச் செய்தியாளர், தொகுப்பாளர், போக்குவரத்து நிலவரம் சொல்பவர் என்று ஆட்கள் ஏராளம் தேவை. ஆள் செலவுதான் வானொலியின் பாரம் என்று கற்பித்தவர்கள் முதலில் வெட்டியிருக்க வேண்டிய நிலையம் அது. நாட்டிலேயே அதிக விளம்பர வருமானம் ஈட்டும் நிலையமாகப் பல ஆண்டுகள் அதுதான் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் வாஷிங்டனில் கேட்கப்படுவது அதே மருந்து. 2017 அக்டோபரில் எஃப்.சி.சி., நிலையம் தன் ஊரிலோ பக்கத்திலோ ஸ்டூடியோவும் ஆளும் வைத்திருக்க வேண்டும் என்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக இருந்துவந்த விதியை எடுத்துவிட்டது. இணையத்தில் கேட்கலாமே, தொலைபேசியில் அழைக்கலாமே என்பதுதான் சொன்ன காரணம். மைனாட்டில் தொலைபேசி என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. அடுத்து ஒலிபரப்பாளர் சங்கம், பெரிய 75 ஊர்களில் ஒரே நிறுவனம் எட்டு எஃப்.எம். வரை வைத்துக்கொள்ளவும், மற்ற ஊர்களில் வரம்பே இல்லாமலிருக்கவும் அனுமதி கேட்டது. கூகுளோடு போட்டியிட உடம்பு பெருக்க வேண்டும் என்பது வாதம். 1,200 நிலையங்கள் வரை உடம்பு பெருக்கியவருக்கு என்ன நேர்ந்தது என்பது அந்த மனுவை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. 2019இல் எஃப்.எம். வரம்பைத் தளர்த்தக் கூடாது என்று ஆணையத்திடம் சொன்னவர்களில் ஐஹார்ட்மீடியாவும் ஒன்று. தளர்த்தினால் முதலீடு எஃப்.எம்.முக்கு ஓடி ஏ.எம். நிலையங்கள் அழியும் என்றது. போட்டியாளர் பெருத்துவிடுவார் என்ற கவலையும் அதில் இருந்திருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். அது சொன்ன வாதம் சரியானதே.

2023 டிசம்பரில் ஆணையம் உள்ளூர் வரம்புகளை இருந்தபடியே வைத்தது. அது போதாது. உரிமம் கைமாற வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு மனுவிலும் வாங்குகிறவரின் கடன் பத்திரங்களையும் ஆண்டு வட்டியையும் பகிரங்கமாகக் கேட்க வேண்டும். நிலையத்தின் சராசரி வருமானத்தால் அந்த வட்டியைக் கட்டி, ஊரில் ஆளும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியதை மூன்று ஆண்டாவது வைத்திருக்கச் சொன்ன பழைய விதியும் ஊரில் ஸ்டூடியோ கேட்ட விதியும் திரும்ப வேண்டும். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தொலைபேசியை எடுக்கும் ஆளின் பெயர் ஒவ்வொரு ஊர்க் காவல்நிலையத்திலும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.